கிழிந்த நாவல்களை எடைக்குப் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டத்தின் பொது நூலகங்களைக் கவனிக்கும் அலுவலர்களுக்கு,

பாலாற்றங்கரையில் உள்ள ஒரு கிளை நூலகத்தின் பின்னறையிலிருந்து மாத நாவல்கள், துப்பறியும் கதைகள், குடும்ப நாவல்கள், சரித்திரத் தொடர்கள் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு எடைக்குப் போய்விட்டன. எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அங்கே வேலை பார்ப்பவர்கள் மேலிருந்து வந்த வாய்மொழி உத்தரவைத்தான் நிறைவேற்றினார்கள், அவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. கேட்டதற்கு மூன்று காரணம் சொன்னார்கள். கிழிந்தவை, கிறுக்கப்பட்டவை, யாரும் எடுக்காதவை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பது கடைசியாக வந்தது. இந்த நான்கும் நிற்காது என்பதே எங்கள் வாதம். இந்த மடலை எழுதுபவர்களில் பைண்டிங் செய்கிறவர் உண்டு, பழைய புத்தகம் விற்பவர் உண்டு. மற்றவர்கள் வெறும் வாசகர்கள்.

கிழிசலிலிருந்தே தொடங்குவோம். ஒரு மாத நாவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். 96 பக்கம் என்றால், பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற அச்சகக் கணக்கில், ஆறு பாரம். 24 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்து, மேலே அட்டையைப் போர்த்தி, நடுவில் இரண்டு கம்பி பின் அடித்திருப்பார்கள். தையலும் கிடையாது, பசையும் கிடையாது. இதில் வெளித்தாள் ஒன்றில்தான் 1, 2, 95, 96 ஆகிய நான்கு பக்கங்களும் இருக்கும். அட்டையைப் பிடித்துத் திறக்கும்போதெல்லாம் இழுபடுவது அந்தத் தாள். மழைக்காலத்தில் பின் துருப்பிடிக்கும், துரு தாளை அரிக்கும், ஓட்டை பெரிதாகும், ஒருநாள் வெளித்தாள் அப்படியே கழன்று வரும். பிணம் கிடக்கும் முதல் பக்கமும் கொலைகாரன் அகப்படும் கடைசிப் பக்கமும் ஒன்றாகத்தான் போகும். நடுவில் 92 பக்கம் பத்திரமாக இருந்தும் துப்பறியும் கதைக்கு அதனால் பயன் இல்லை.

தாள் விஷயமும் சொல்ல வேண்டும். இந்த நாவல்கள் அச்சானது செய்தித்தாள் அடிக்கும் மலிவுத் தாளில். மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்குவதால் லிக்னின் என்ற மரப்பொருள் அதிலேயே தங்கிவிடுகிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பேறும், அமிலம் கூடும், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். சூடு கூடக் கூட இந்த வேலை வேகமாக நடக்கும். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருக்க, நீங்கள் இவற்றை வைத்திருந்த இடம் தகரக் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு ராக்கின் மேல்தட்டு. கெட்டுப்போகும் இடத்தில் வைத்துவிட்டு, கெட்டுப்போனது என்று எழுதுவது எப்படி நியாயம்?

அதற்கும் மேலே செலோ டேப். கிழிந்த பக்கத்தில் டேப் ஒட்டுவதைப் பழுது பார்த்ததாக நினைக்கிறார்கள். சில கோடைக்குள் டேப்பின் பசை உருகித் தாளுக்குள் இறங்கும், மஞ்சள் கறை பிடிக்கும், எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். எங்கள் கண்ணில் பட்ட மூட்டைகளில் வாசகர் கிழித்ததைவிட டேப் கிழித்தது அதிகம்.

இவற்றைக் காப்பாற்ற பெரிய ஆய்வகம் வேண்டாம். ஊர் பைண்டரே போதும், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால். பின்னின் கால்களை உள்பக்கமிருந்து மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுக்க வேண்டும். குறடு போட்டு இழுத்தால் மடிப்பு கிழியும். மடிப்பு நைந்திருந்தால் மெல்லிய டிஷ்யூ தாளை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, நீர்த்த மாவுப் பசையால் உள்பக்கம் ஒட்டிக் காயவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு நாவலையும் ஒரு மடிப்பாகவே வைத்து, மடிப்பின் நடுவில் மூன்று அல்லது ஐந்து துளை போட்டு நூலால் தைக்க வேண்டும். நான்கைந்து நாவல் சேர்த்து ஒரு தொகுதி. ஓர் அங்குலத் தடிமனைத் தாண்டினால் விரித்துப் படிக்க முடியாது, மறுபடி முதுகு உடையும்.

இப்போது நடப்பது வேறு. ஏழெட்டு நாவலை அடுக்கி, ஓரத்தில் துளை போட்டுப் பக்கத் தையல் போடுகிறார்கள். இந்த நாவல்களுக்கு உள் ஓரம் ஏற்கெனவே அரை விரல் அகலம்கூட இருக்காது. பக்கத் தையல் விழுந்தால் வலப்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு மூன்று எழுத்தும், இடப்பக்கத்தில் கடைசி இரண்டு மூன்று எழுத்தும் தையலுக்குள் போய்விடும். அப்புறம் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்துச் சீவுவார்கள்; பக்க எண்ணும் போகும், சில சமயம் கடைசி வரியும் போகும். பசையில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கலப்பது நம் ஊர் வழக்கம்தான், புத்தகம் அரிக்கும் இராமபாணப் பூச்சிக்குப் பயந்து. ஆனால் துத்தம் அளவு மீறினால் செம்பு தாளைச் சீக்கிரம் பழுப்பாக்கும். மலிவுத் தாளுக்கு அது இரட்டை அடி.

எல்லாவற்றிலும் பெரிய கொடுமை, பைண்டிங்குக்கு முன் அட்டையைக் கிழித்துப் போடுவது. மாத நாவலில் மாதம், ஆண்டு, இதழ் எண் பெரும்பாலும் அட்டையிலோ அதன் உள்பக்கத்திலோதான் அச்சாகியிருக்கும். அட்டை போனால் அந்தக் கதை எந்த ஆண்டு வந்தது என்று சொல்ல நாதி இல்லை. அட்டை ஓவியரின் கையெழுத்தும் அதோடு போச்சு. மிச்சமிருப்பதை ரெக்சின் போர்த்தி, முதுகில் ‘நாவல்கள் தொகுதி 14’ என்று எழுதி வைத்தால் எந்த வாசகர் அதைத் தேடி எடுப்பார்? உள்ளே என்ன கதை இருக்கிறது என்று நூலகருக்கே தெரியாது. ‘யாரும் எடுக்காதவை’ என்ற பட்டியலில் இந்தத் தொகுதிகள் முன்னால் நின்றதில் ஆச்சரியம் என்ன?

அடுத்தது கிறுக்கல். முதல் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ‘கொலைகாரன் டிரைவர்தான்’ என்று எழுதிவைக்கும் புண்ணியவான்களுக்கு நாங்களும் வக்காலத்து வாங்கவில்லை. பிடித்தால் அபராதம் போடுங்கள். ஆனால் குடும்ப நாவல்களின் கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு ‘ச’, ஒரு ‘மீ’, ஒரு நட்சத்திரம், ஒரு சுழி இருக்குமே, அது கிறுக்கல் இல்லை. காதல் நாவல் படிக்கும் பெண்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தலைப்புகள் எல்லாம் நிலா, தென்றல், பூ, உறவு என்றே வரும். அட்டையும் ஒன்றுபோலவே இருக்கும். படித்ததா படிக்காததா என்று ராக்கின் முன் நின்று கண்டுபிடிக்க முடியாது. புத்தகம் எடுத்துவரப் பையனை அனுப்பினால் இன்னும் மோசம். அதனால் படித்து முடித்ததும் தன் அடையாளத்தை ஒரு மூலையில் போட்டுவைப்பார்கள். வாடகை நூல் நிலையங்கள் இருந்த காலத்திலிருந்து இந்தப் பழக்கம் உண்டு. ஒரே பக்கத்தில் பன்னிரண்டு, பதினைந்து அடையாளம் இருக்கும் பிரதிகள் உங்கள் மூட்டையில் இருந்தன. அத்தனை பேர் அதைக் கடைசிவரை படித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி உங்கள் பதிவேட்டில்கூட இருக்காது. அதையே காட்டி நீக்கியிருக்கிறீர்கள்.

பதிவேடு என்றதும் மூன்றாவது காரணத்துக்கு வருகிறோம். மாத நாவல்கள் பருவ இதழ் கணக்கில் வருவதால் நூலகத்தில் சேரும் ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டில் தரும் சேர்க்கை எண்ணை அவற்றுக்குப் போடுவதில்லை. பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுப்பதும் இல்லை. மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். வழங்கல் பதிவேட்டில் அது ஏறவே ஏறாது. ஏறாததை வைத்து ‘பயன்பாடு பூஜ்யம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு மாதம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சாயங்காலம் மூடும்போது மேசைமேல் கிடக்கும் புத்தகங்களை ராக்கில் வைப்பதற்கு முன் வகைவாரியாக எண்ணி, ஒரு நோட்டில் கோடு போட்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

வீட்டுக்கு வழங்கும் கெட்டி அட்டை நாவல்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. பின்னட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு நிறைந்தால் அதன்மேல் புதுச் சீட்டு ஒட்டுவார்கள். ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். மூட்டையில் பார்த்த ஒரு துப்பறியும் நாவலில் மேல்சீட்டில் மூன்றே முத்திரை. அதன் கீழே முழுதும் நிறைந்த சீட்டுகள் இரண்டு. மேல்சீட்டை மட்டும் பார்த்தவர் நீக்கிவிட்டார். கேலிக்கூத்து.

ஒரு வழங்கலுக்கு ஒரு வாசகர் என்ற கணக்கும் இந்தப் பக்கத்தில் செல்லாது. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் இலையை வெட்டிக்கொண்டும் சுற்றிக்கொண்டும் கேட்பார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களிடையே ஒரு நாவல் வேன் மாறி வேன் போகும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து நாள்கணக்கில் காத்திருப்பவர் கையில் குரூப் 4 கைடு எதற்கு? காட்பாடியில் ரயில் ஏறுகிறவர்கள் இன்னும் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவலைத்தான் பார்க்கிறார்கள், தொங்கினால்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். அவர்களுக்கு நாற்காலி வேண்டும், மின்விசிறி வேண்டும், கழிவறையில் தண்ணீர் வேண்டும். ஆனால் இடத்துக்காக நீக்குவது என்று முடிவானால், முதலில் காலாவதியானதை அல்லவா நீக்க வேண்டும்? அதே நூலகத்தில் பத்து வருஷத்துக்கு முந்தைய நடப்பு நிகழ்வுத் தொகுப்புகள் ராக்கை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மாறிப்போன பாடத்திட்டத்துக்கு எழுதிய கைடுகள் பல பிரதிகளாக நிற்கின்றன. நடப்பு நிகழ்வு இரண்டு வருஷத்தில் பழசாகிவிடும். அதை நம்பித் தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்குக் கெடுதல்கூட உண்டு. கொலைக் கதை பழசாவதில்லை. நீக்கத்தை அந்த ராக்கில் தொடங்கியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

தொடர் நாவல்களில் நடந்தது இன்னொரு தினுசு. ஐந்து பாகச் சரித்திர நாவலில் மூன்றாம் பாகம் மட்டும் கிழிந்தது என்று போய்விட்டது. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து ராக்கில் இருக்கின்றன. இரண்டாம் பாகத்தை முடித்தவர் நான்காவதை எடுக்கமாட்டார். முதல் பாகத்தைத் தொடங்கவே பலர் யோசிப்பார்கள். அடுத்த கணக்கெடுப்பில் மிச்ச நான்கும் ‘பயன்பாடு இல்லை’ என்று போகும். மாயாஜாலத் தொடர்களுக்கும் இதே கதிதான். தொடரை ஒரே நூலாகக் கருதித்தான் நீக்கமோ பழுதுபார்ப்போ செய்ய வேண்டும். ஒரு பாகம் போனால் அதை மட்டும் வாங்கிச் சேர்ப்பது முழுத் தொடரையும் இழப்பதைவிட மலிவு.

இப்போது சட்டம். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் உங்களுக்கு நேராக உதவும் இரண்டு இடங்கள் உண்டு. விற்பனையில் கிடைக்காத நூலை, வணிக நோக்கில்லாத பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிவரை எடுத்துக்கொள்ளலாம். தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவிலும் சேமிக்கலாம். கடைசித் தாள் போன நாவலுக்கு இன்னொரு கிளையில் உள்ள பிரதியிலிருந்து அந்தத் தாளை நகலெடுத்துச் சேர்க்க இங்கே வழி இருக்கிறது. ஆனால் இரண்டாவது சலுகையின் நிபந்தனையைக் கவனியுங்கள்: அச்சுப் பிரதி நூலகத்தில் இருக்க வேண்டும். எடைக்குப் போட்ட அன்றே அந்த உரிமையையும் சேர்த்துப் போட்டுவிட்டீர்கள்.

‘கன்னிமாராவில் இருக்குமே’ என்று, சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகத்தை நினைத்து, ஓர் அலுவலர் சொன்னாராம். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி வெளியீட்டாளர்கள் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்பது சரி. சின்ன வெளியீட்டாளர்கள் எல்லாரும் ஒழுங்காக அனுப்பினார்களா என்பது வேறு கேள்வி. அனுப்பியிருந்தாலும், ஒரு குடும்ப நாவல் படிக்க வாணியம்பாடியிலிருந்து எழும்பூருக்கு யார் போவார்கள்?

தரம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உத்தரவின் அடியில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் சந்தையிலும் ரயிலடியிலும் காலணாவுக்கு விற்ற கொலைச்சிந்துகளை, அதாவது நடந்த கொலைகளைப் பாட்டாக்கிய சிறு நூல்களை, அன்றைய பெரியவர்கள் குப்பை என்றார்கள். இன்று அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்களின் பயமும் ஆசையும் என்ன என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராக அள்ளிச் சேர்த்துவைத்ததால் எத்தனையோ பிழைத்தன. 1994இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு நூலகம் அவர் பெயரில் இருப்பதற்குக் காரணம் அந்தச் சேகரிப்பே.

வட ஆற்காட்டுக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. தமிழில் துப்பறியும் நாவலை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதினார் என்று குறை சொல்பவர்கள் உண்டு, சொல்லட்டும். அவர் மறைந்தது 1925இல்; அவருடைய நூல்களின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் அச்சிடலாம், ஸ்கேன் செய்யலாம், பொதுவில் வைக்கலாம். ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கலாம். 1989வரை எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். துப்பறியும் கதைக்கு நம் பக்கத்திலிருந்து இப்படி ஒரு பெயர் இருக்கும்போது, துப்பறியும் கதையையே மூட்டை கட்டுகிறோம்.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஆயிரம் நூல் புழங்கினால் ஐந்து தொலைவது இயல்பு என்று ஏற்கின்றன. அந்த விதி மாநில நூலகங்களைக் கட்டாது, தெரியும். ஆனால் புழங்கும் நூல் தேயும், தொலையும் என்ற அடிப்படை அறிவு அதில் இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். அந்தக் காசில் வாங்கியது எதனால், எப்படிப் போனது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பவை. மாவட்டத்தின் மற்றக் கிளைகளிலும் பகுதி நேர நூலகங்களிலும் இதே உத்தரவு போயிருந்தால் இன்றே எழுத்து மூலம் நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே போனவற்றின் பட்டியலை, அதாவது தலைப்பு, ஆசிரியர், நீக்கிய காரணம், நீக்க ஒப்புதல் தந்தவரின் பதவி, எடை, வந்த தொகை ஆகியவற்றை, நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பட்டியலே எடுக்கவில்லை என்றால் அதையும் எழுதி ஒட்டுங்கள்.

இனி எந்த நூலை நீக்குவதானாலும் அதை முப்பது நாள் ஒரு தனி மேசையில் வாசகர் பார்வைக்கு வையுங்கள். தேதிச் சீட்டுகளை அடிவரை பார்த்தபின் முடிவெடுங்கள். அதற்கு அமைக்கும் குழுவில் இரண்டு வாசகர்கள் இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

மாத நாவல்களுக்குச் சேர்க்கை எண் கொடுங்கள். முத்திரையை எழுத்தின்மேல் குத்தாமல் தலைப்புப் பக்கத்தின் வெற்றிடத்தில் குத்துங்கள். பைண்டிங் டெண்டரில் மூன்று வரி சேர்த்தால் போதும்: நடுத்தையல் மட்டும், அட்டையை அகற்றக் கூடாது, மூன்று பக்கமும் சீவக் கூடாது. ஒவ்வொரு தொகுதியின் முதல் பக்கத்திலும் உள்ளே இருக்கும் கதைகளின் பெயர், ஆசிரியர், மாதம், ஆண்டு, இதழ் எண் எழுதிய ஒரு தாளை ஒட்டச் சொல்லுங்கள். மாதிரிக்கு முதல் பத்துத் தொகுதியை எங்களில் உள்ள பைண்டர் கூலி வாங்காமல் செய்து தருவார். தாளும் தைக்கும் நூலும் காலிகோ என்ற பைண்டிங் துணியும் நீங்கள் கொடுத்தால் போதும். செலோ டேப் வாங்குவதை நிறுத்துங்கள்.

ராக்கை மேற்குச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும். துப்பறியும் கதை, குடும்பம், சரித்திரம், பேய் மாயாஜாலம் என்று நான்கு பலகை எழுதி மாட்டுங்கள். பாகம் குறைந்த தொடர்களின் பட்டியலை எடுத்தால், எங்களிடம் உள்ள இரட்டைப் பிரதிகளை ரசீது பெற்றுக்கொண்டு தரத் தயாராக இருக்கிறோம். ஆரணி குப்புசாமி முதலியாரின் நூல்களில் மாவட்ட நூலகங்களில் எஞ்சியிருப்பவற்றைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்யத் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு எழுதுங்கள்.

இவற்றில் எது முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதே கேள்விகளை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கிளை கிளையாக, மனுவாகக் கொடுப்போம்.

இப்படிக்கு,
வட ஆற்காட்டு வாசகர்கள் சிலர்,
வேலூர்